வாந்தியை நிறுத்தும் மாத்திரை மலத்தையும் ஏன் நிறுத்துகிறது?

மாம்பழப் பருவம் தொடங்கிவிட்டால் கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்து மருந்துக் கடைகளில் வாந்தி மாத்திரையின் விற்பனையும் கூடிவிடும். பழத்தின் மேல் பழி போட முடியாது. வெயில், ஈ, நறுக்கி நெடுநேரம் திறந்து வைத்த துண்டுகள், கல்யாணப் பந்தியில் நேரம் கடந்த சோறு என்று காரணங்கள் பல. பாலக்கோட்டில் என் கடைக்கு வருபவர்கள் மருந்தின் பெயரைச் சொல்வதில்லை. 'நாக்கில் வைத்தால் கரையுமே, அது' என்பார்கள். அதன் பெயர் ஒன்டான்செட்ரான். மருத்துவரின் சீட்டுக்கு மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்து என்றாலும், மிட்டாயைப் போலக் கேட்கும் அளவுக்கு அது பழகிவிட்டது.

மாத்திரை வாங்கியவர்களில் சிலர் இரண்டு நாள் கழித்து மறுபடி வருவார்கள். 'வாந்தி நின்றுவிட்டது அண்ணா, ஆனால் வெளிக்கே போகவில்லை. உடம்பில் சூடு ஏறிவிட்டதா?' என்று கேட்பார்கள். சூட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அந்த மாத்திரை செய்வது ஒரே ஒரு வேலைதான்: குடலில் எழும் ஒரு செய்தியை, கேட்க வேண்டியவர்கள் காதில் விழாமல் செய்துவிடுகிறது. மூளைக்குப் போகும் செய்தி தடைபட்டால் வாந்தி நிற்கிறது. குடலுக்குள்ளேயே சுற்றும் செய்தி தடைபட்டால் மலம் தாமதமாகிறது. மருந்துச் சீட்டில் ஒன்றைப் 'பலன்' என்றும் மற்றதைப் 'பக்கவிளைவு' என்றும் எழுதுகிறோம். குடலுக்கு அந்த வேறுபாடு தெரியாது.

அந்தச் செய்தியின் பெயர் செரோடோனின். மனம் மகிழ்ச்சியாக இருக்க மூளையில் சுரப்பது என்றுதான் இதைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். ஆனால் உடம்பில் இருக்கும் செரோடோனினில் ஏறத்தாழ 90 விழுக்காட்டுக்கு மேல் குடலில்தான் இருக்கிறது. கண்டுபிடிக்கப்பட்டதும் முதலில் குடலிலேயே. 1930களில் விட்டோரியோ எர்ஸ்பாமர் என்ற இத்தாலிய அறிவியலாளர், குடலின் உட்சுவரில் உள்ள ஒரு வகை உயிரணுக்களிலிருந்து தசையைச் சுருங்க வைக்கும் ஒரு பொருளைப் பிரித்து, அதற்கு எண்டெரமின் என்று பெயர் வைத்தார். 1948இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மாரிஸ் ராப்போர்ட், ஆர்டா கிரீன், இர்வின் பேஜ் ஆகிய மூவரும் இரத்தத்தின் தெளிநீரில் இரத்தக் குழாயைச் சுருக்கும் பொருள் ஒன்றைப் பிரித்தெடுத்துச் செரோடோனின் என்றார்கள். இரண்டும் ஒன்றே என்று 1952இல் உறுதியானது. மூளையிலும் அது இருக்கிறது என்பது அதற்கடுத்த ஆண்டுதான் தெரியவந்தது. பிந்தி வந்த மூளைக்குப் புகழெல்லாம் போய்விட்டது.

இனி, குடல் எப்படி நகர்கிறது என்று பார்க்கலாம். காலையில் ஓர் உருண்டை களியும் கீரைக் கடைசலும் சாப்பிட்டதாக வைத்துக்கொள்வோம். இரைப்பையில் கூழான உணவு சிறுகுடலுக்குள் இறங்கியதும் குடற்சுவர் சற்று விரிகிறது. உட்சுவரில் ஆங்காங்கே தனித்தனியாக உட்கார்ந்திருக்கும் அந்த உயிரணுக்கள் இந்த அழுத்தத்தை உணர்கின்றன. தொடுகையை உணர நம் தோலுக்கு உதவும் பியசோ-2 என்ற புரதமே இங்கேயும் உதவுகிறது. அதைக் கண்டறிந்த ஆர்டெம் படபூட்டியனுக்கு 2021இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. அழுத்தம் பட்டதும் உயிரணு தன் அடிப்பக்கமாகச் செரோடோனினை உமிழ்கிறது. கீழே காத்திருக்கும் நரம்பு நுனிகள் அதை வாங்கிக்கொள்கின்றன. உடனே உணவுக்குப் பின்புறம் உள்ள தசை சுருங்குகிறது, முன்புறம் உள்ள தசை தளர்கிறது. கவளம் ஒரு விரற்கடை முன்னே போகிறது. அங்கே மறுபடி அழுத்தம், மறுபடி செரோடோனின்.

இதற்கு மூளையின் உத்தரவு தேவையில்லை என்பதுதான் வியப்பு. லண்டனில் பெய்லிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் 1899இலேயே இதைக் காட்டினார்கள். நாயின் குடலுக்கு வெளியிலிருந்து வரும் நரம்புகளைத் துண்டித்த பிறகும், ஓரிடத்தில் சீண்டினால் அதற்கு மேலே சுருங்கிக் கீழே தளர்ந்தது. குடற்சுவருக்குள்ளேயே 10 கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் வலைபோலப் பரவியிருப்பதால் முடிகிற காரியம் இது. 'வயிறு தன்னிச்சையாக நடக்கிறது' என்று நம் பாட்டிமார் அலுத்துக்கொள்வது உடலியலின்படி சரியான கூற்றுதான்.

செரோடோனின் ஒன்று, அதனால் நடக்கும் காரியங்களோ பல. இது எப்படி? தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் நகரப் பேருந்தில் நடத்துநர் ஊதும் விசிலை எண்ணிப் பாருங்கள். ஓட்டுநர் காதில் விழுந்தால் வண்டி நகர்கிறது. படியில் தொங்குபவர் காதில் விழுந்தால் அவர் கம்பியை இறுகப் பிடிக்கிறார். நிறுத்தத்தில் ஓடி வருபவர் இன்னும் வேகமாக ஓடுகிறார். சத்தம் ஒன்றுதான், கேட்பவர் யார் என்பதில்தான் விளைவு இருக்கிறது. உடம்பில் அப்படிக் கேட்கும் காதுகளுக்கு ஏற்பிகள் என்று பெயர். உயிரணுவின் மேற்பரப்பில் பதிந்திருக்கும் புரதங்கள் அவை. செரோடோனினுக்கு ஏழு குடும்பங்களாக ஏற்பிகள் இருக்கின்றன. எல்லாக் காதுகளையும் ஒரே பஞ்சால் அடைக்க முடியாது. ஒவ்வொரு வகைக்கும் தனி மருந்து வேண்டும்.

ஒன்றுக்கு மேற்பட்ட வகை உண்டு என்ற எண்ணமும் குடலிலிருந்துதான் பிறந்தது. 1957இல் கேடம், பிகாரெல்லி என்ற இருவர் கினிப் பன்றியின் சிறுகுடல் துண்டைக் கண்ணாடிக் குடுவையில் தொங்கவிட்டு, அதன் மேல் செரோடோனினைச் சொட்டினார்கள். குடல் சுருங்கியது. ஒரு மருந்தால் அந்தச் சுருக்கத்தில் ஒரு பகுதியை மட்டும் தடுக்க முடிந்தது, மீதிப் பகுதியைத் தடுக்க மார்ஃபின் தேவைப்பட்டது. அப்படியானால் செரோடோனின் இரண்டு வெவ்வேறு இடங்களில் பிடிக்கிறது என்று முடிவு செய்தார்கள். மார்ஃபினால் தடைபட்ட, நரம்பின் வழியாக நடந்த அந்தச் சுருக்கத்துக்குக் காரணமான ஏற்பியைத்தான் இன்று மூன்றாம் வகை என்கிறோம். வாந்தி மாத்திரை அடைப்பது இதைத்தான்.

மற்ற வகைகளுக்கு இல்லாத ஒரு குணம் இந்த மூன்றாம் வகைக்கு உண்டு. மற்றவை செய்தியை வாங்கி, உயிரணுவுக்குள் இரண்டு மூன்று கைகள் மாற்றி அனுப்பும். மூன்றாம் வகையோ தானே ஒரு வாசல். செரோடோனின் ஒட்டியதும் நொடியில் மிகச் சிறு பங்கில் திறந்து, சோடியம் போன்ற மின்னேற்றத் துகள்களை உள்ளே விடுகிறது. நரம்பு அக்கணமே விழித்துவிடுகிறது. அவசரச் செய்திக்கு ஏற்ற அமைப்பு இது.

இந்த வாசலை மருந்து அடைத்துவிட்டால் குடலில் மூன்று மாற்றங்கள் நடக்கின்றன. எல்லோருக்கும் தெரிவது வேகக் குறைவு. உணவு சாப்பிட்டதும் பெருங்குடல் ஒரு முறை விழித்துப் புரள்வது இயல்பு. காலைக் காப்பி குடித்த கையோடு கழிப்பறையைத் தேடுகிறவர்களுக்கு இது விளக்காமலே புரியும். மருந்து அந்தப் புரளலை மட்டுப்படுத்துகிறது. நோயில்லாதவர்களுக்கு ஒன்டான்செட்ரான் கொடுத்துப் பார்த்தபோதும் பெருங்குடலில் மலம் நகரும் வேகம் குறைந்தது.

இரண்டாவது தண்ணீர். நரம்பு தூண்டப்படும்போது குடலின் உட்சுவர் உப்பையும் நீரையும் உள்ளே சுரக்கிறது, மலம் வழுக்கிக்கொண்டு போவதற்காக. தூண்டல் குறைந்தால் சுரப்பும் குறைகிறது. பெருங்குடலின் வேலையே தண்ணீரை உறிஞ்சுவது. மெதுவாக நகரும் மலத்திலிருந்து உறிஞ்ச அதற்கு நேரமும் கூடுதலாகக் கிடைக்கிறது. ஆகவே மலம் தாமதமாக வருவதோடு ஆட்டுப் புழுக்கையாகவும் வருகிறது.

மூன்றாவதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, என் கணக்கில் முக்கியமானதே அதுதான்: உணர்வு. குடல் நிரம்பியிருக்கிறது, இப்போதே போயாக வேண்டும் என்ற உந்துதலைத் தண்டுவடம் வழியாக மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பு நுனிகளிலும் மூன்றாம் வகை ஏற்பிகள் இருக்கின்றன. அவை அடைபட்டால் குடற்சுவர் கூடுதலாக விரிந்து கொடுக்கிறது, விரிந்தாலும் முன்போல அவசரம் தோன்றுவதில்லை. மலச்சிக்கல் என்று வருபவர்களில் சிலர் 'முக்கியும் வரவில்லை' என்று சொல்வதில்லை, 'போக வேண்டும் என்றே தோன்றவில்லை' என்பார்கள். இந்த மருந்தைச் சாப்பிட்டவர் அப்படிச் சொன்னால் நான் வியப்பதில்லை.

வாந்தி நிற்கும் கதையும் இதே கிளையில்தான். கெட்டுப்போன உணவோ நச்சோ குடலைத் தாக்கும்போது அதே உயிரணுக்கள் செரோடோனினை மிதமிஞ்சிக் கொட்டுகின்றன. வயிற்றிலிருந்து மூளைத்தண்டுக்கு ஓடும் வேகஸ் நரம்பு அதைக் கேட்டு, உள்ளே வந்ததை வெளியே தள்ளச் சொல்கிறது. புற்றுநோய்க்குக் கொடுக்கும் சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகள் ஏற்படுத்தும் கடும் வாந்திக்கும் பெரும்பங்கு காரணம் இதுவே. ஒன்டான்செட்ரான் பிறந்ததே அந்த நோயாளிகளுக்காகத்தான். 1991இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோது, வாந்திக்குப் பயந்து சிகிச்சையையே பாதியில் விட்டவர்களுக்கு அது பெரிய விடுதலையாக இருந்தது. கல்யாணச் சோற்று வாந்திக்கு அது வந்து சேர்ந்தது பிற்பாடு.

இப்போது கேள்வியைத் திருப்பிப் போடலாம். மலத்தைத் தாமதப்படுத்தும் மருந்து, மலம் நில்லாமல் ஓடுபவர்களுக்கு உதவுமல்லவா? ஓசூர் ஆலைக்குக் காலைப் பணிக்குப் போகும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் இரண்டு முறை, பேருந்து ஏறுமுன் ஒரு முறை, காவேரிப்பட்டணம் தாண்டுவதற்குள் மறுபடி வயிறு முறுக்குகிறது. பரிசோதனையில் புண்ணும் இல்லை, கிருமியும் இல்லை. மருத்துவர்கள் ஐ.பி.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லும் குடல் கோளாறில் வயிற்றுப்போக்கு மிகுந்த வகை இது. இப்படிப்பட்டவர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பின் இரத்தத்தில் செரோடோனின் மற்றவர்களைவிடக் கூடுதலாக ஏறுவதைச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

அவர்களுக்கென்றே மூன்றாம் வகையை அடைக்கும் அலோசெட்ரான் என்ற மருந்து 2000 பிப்ரவரியில் அமெரிக்காவில் பெண்களுக்கு அனுமதிக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. சிலருக்கு மலச்சிக்கல் முற்றி மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குப் போனது; வேறு சிலருக்குப் பெருங்குடலுக்கு இரத்த ஓட்டம் குறைந்து திடீர் வலியும் இரத்தம் கலந்த பேதியும் வந்தன. உயிரிழப்புகளும் நேர்ந்தன. அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த மருந்தால் வீட்டை விட்டு வெளியே போக முடிந்த நோயாளிகள் அதைத் திரும்பக் கொடுங்கள் என்று வலியுறுத்தினார்கள். 2002இல் கடும் கட்டுப்பாடுகளோடு, தொடக்க அளவைப் பாதியாக்கி, வேறு எதற்கும் கட்டுப்படாத நோயுள்ள பெண்களுக்கு மட்டும் என்று மறுபடி அனுமதித்தார்கள். மருந்து வரலாற்றில் இப்படித் திரும்பி வந்தவை அரிது. ஜப்பானில் இதே குடும்பத்து ரமோசெட்ரான் மிகக் குறைந்த அளவில் இந்த நோய்க்குப் பயன்படுகிறது. நம் பழைய ஒன்டான்செட்ரானையே இங்கிலாந்தில் 120 பேரிடம் சோதித்து 2014இல் வெளியிட்டார்கள்: மலம் இறுகியது, அவசரம் குறைந்தது, ஆனால் வயிற்றுவலி சொல்லும்படி குறையவில்லை. இதைப் படித்துவிட்டு யாரும் தானாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். அலோசெட்ரானின் கதையை இவ்வளவு நீட்டிச் சொன்னதே அதற்காகத்தான்.

நான்காம் வகை ஏற்பி இதற்கு நேர் எதிர்த் திசையில் பயன்படுகிறது. அதைத் தூண்டினால் நரம்புகள் அசிட்டைல்கோலின் என்ற பொருளைக் கூடுதலாக வெளியிட்டுக் குடலை முடுக்கும். அப்படி முடுக்கிய சிசாப்ரைடு, இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுத்ததால் விலக்கப்பட்டது. டெகாசெரோடு மீது இதயநோய் ஐயம் எழுந்தது. இரண்டையும் இந்தியா 2011இல் தடை செய்தது. இப்போது நாள்பட்ட மலச்சிக்கலுக்கு எழுதப்படும் புருகலோப்ரைடு நான்காம் வகையை மட்டும் குறிவைப்பது, அந்தப் பழைய தொல்லை இல்லாதது.

மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர்கள் இந்த இடத்தில் குழம்புவதுண்டு. செர்ட்ராலின் போன்றவை எந்த ஏற்பியையும் அடைப்பதில்லை. வெளியேறிய செரோடோனினை உயிரணு திரும்ப உறிஞ்சிக்கொள்வதைத் தடுக்கின்றன. குடலிலும் அது கூடுதல் நேரம் தங்குவதால் முதல் ஓரிரு வாரங்களில் குமட்டலும் இளகிய மலமும் வரலாம், பெரும்பாலும் தானே அடங்கும். மனச்சிதைவு நோய்க்குக் கொடுக்கும் க்ளோசபின் வேறு வகை. அது மூன்றாம் வகை ஏற்பியோடு அசிட்டைல்கோலினின் வேலையையும் சேர்த்துத் தடுக்கிறது. இரண்டு பக்கமும் அடி வாங்கிய குடல் அடியோடு நின்றுபோகக்கூடும். அந்த நோயாளிகள் வயிற்றைப் பற்றித் தாமாக முறையிடுவது குறைவு என்பதால், வீட்டில் இருப்பவர்கள்தான் நாள்தோறும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். இதை மட்டும் நான் சீட்டைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுவேன், கேட்காவிட்டாலும்.

மறுபடி நம் வாந்தி மாத்திரைக்கு வருவோம். ஒரே ஒரு மாத்திரை சாப்பிட்டவருக்கு இரண்டு நாள் மலம் வராததற்கு மாத்திரையைவிட வெறும் வயிறுதான் காரணமாக இருக்கும். இளம் வயதினரின் இரத்தத்தில் ஒன்டான்செட்ரான் 3, 4 மணி நேரத்தில் பாதியாகிவிடும். முதியவர்களுக்குச் சற்றுக் கூடுதல் நேரம் ஆகும். வாந்தியும் பேதியுமாகக் காலியான குடல் நிரம்பவே ஓரிரு நாள் பிடிக்கும். நாளுக்கு இரண்டு மூன்று வேளையாகப் பல நாள் எடுப்பவர்கள், குறிப்பாகப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், மலமிளக்கியையும் சேர்த்து எழுத வேண்டுமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. கர்ப்பிணிகளுக்கு ஹார்மோனால் குடல் ஏற்கெனவே மந்தம், அதன் மேல் இரும்புச்சத்து மாத்திரை. அவர்கள் மருத்துவர் சொல்லாமல் இதைத் தொடவே கூடாது.

எங்கள் பக்கம் ஆமணக்கு விளைகிற மண். வயிறு கட்டிவிட்டது என்றால் விளக்கெண்ணெய் நினைவுக்கு வருவது இயல்புதான். அது செரோடோனின் வழியாக வேலை செய்வதில்லை. அதிலுள்ள ரிசினோலிக் அமிலம் குடல் தசையின் வேறோர் ஏற்பியைப் பிடித்து உலுக்குகிறது. ஏற்கெனவே பேதியால் நீர் வற்றிய உடம்பில் அந்த உலுக்கல் வேண்டாத வேலை. தண்ணீர், மோர், இரண்டு வேளை நல்ல சாப்பாடு போதும்.

வயிற்றுப்போக்கோடு வாந்தியும் எடுக்கும் குழந்தைக்கு மருத்துவர் ஒரு வேளை ஒன்டான்செட்ரான் கொடுப்பது, உப்புச் சர்க்கரைக் கரைசல் உள்ளே தங்க வேண்டும் என்பதற்காக. அது பேதியைக் குணப்படுத்தும் மருந்தன்று. சில குழந்தைகளுக்கு அதன் பிறகு பேதி சற்றுக் கூடுவதும் உண்டு, பதற வேண்டாம். கரைசல்தான் அங்கே உண்மையான மருந்து. ஒரு லிட்டருக்கான பாக்கெட்டைப் பிரித்து ஒரு தம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்காமல், முழு லிட்டரில் ஒரேயடியாகக் கலக்குங்கள்.

கடைசியாக, எச்சரிக்கையாக இருக்க வேண்டிய நேரங்கள். வயிறு உப்பி, காற்றுகூடப் பிரியாமல், வலியும் வாந்தியும் சேர்ந்திருந்தால் குடல் அடைபட்டிருக்கலாம். அப்போது வாந்தி மாத்திரை வாந்தியை மட்டும் மறைத்து, அடைப்பை உள்ளே வளர விட்டுவிடும். வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் இது இன்னும் கவனிக்க வேண்டியது. மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல் இருந்தாலும் கடைக்கு வராமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். இதயத் துடிப்புக்கு மருந்து சாப்பிடுபவர்கள், பிறவியிலேயே துடிப்பு ஒழுங்கில்லாதவர்கள், பேதியால் பொட்டாசியம் குறைந்தவர்கள் ஆகியோருக்கு ஒன்டான்செட்ரான் துடிப்பை மேலும் குழப்பக்கூடும். பேதி மாத்திரையான லோபரமைடையும் இதையும் ஒன்றாகக் கேட்டு வருபவர்களுக்கு நான் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதில்லை. மருத்துவரைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுவேன்.